பால் கட்டிய மடியும் சூடேறிய எஞ்சினும்





மூன்று விநாடி மட்டுமே நீடிக்கும் ஓர் ஓசை. அதிகாலையில் காரின் சாவியைத் திருப்பியதும் எழும். நாம் இருக்கையில் சரியாக அமர்ந்து முடிப்பதற்குள் அடங்கிவிடும். பதினெட்டு ஆண்டுகளாக மதரஸாவில் பாடம் நடத்திவரும் நம்மை, நம் மாணவன் ஒருவன் முன்னிலையில் வாயடைத்து நிற்கச் செய்தது அந்த ஓசைதான். இதனை எழுதுவது நமக்கு எளிதாக இல்லை. ஆயினும் பழைய வண்டியை விற்பதும் வாங்குவதும் இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமான காரியமாகிவிட்டது. நாம் சறுக்கிய இடத்தில் வேறொருவர் சறுக்காமலிருக்க இது உதவுமானால், வெட்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சாவியைத் திருப்பும்போது நிகழ்வது

முதலில் வண்டியின் பக்கத்திலிருந்து தொடங்குவோம். சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து சிறிதளவு மின்சாரம், ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேலிருக்கும் சொலினாய்டுக்குச் செல்கிறது. அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒரு சிறு பற்சக்கரத்தை முன்னே தள்ளி, எஞ்சினின் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பெரிய பல்வளையத்தோடு கோக்கிறது. அதே நேரத்தில், பேட்டரியின் மின்சாரம் நேராக மோட்டாருக்குப் பாயும்படி வழியைத் திறந்துவிடுகிறது. அந்த ஓரிரு விநாடிகளில் ஒரு சிறிய காரின் மோட்டார்கூட 100 ஆம்பியர் அளவுக்கு மின்சாரத்தை இழுக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சிறு சக்கரம் பின்வாங்கிக்கொள்கிறது. இதற்குள்ளாக ஆயில் பம்ப், இரவெல்லாம் அடியில் தேங்கி நின்ற ஆயிலை மேலே ஏற்றி, உராயும் உறுப்புகள் அனைத்திற்கும் சேர்ப்பித்தாக வேண்டும். இத்தனையும் பிஸ்மில்லாஹ் சொல்லி முடிக்கும் நேரத்திற்குள் நடந்தேறுகின்றன.

மின்சாரத்தால் இயங்கும் ஸ்டார்ட்டரை அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் உருவாக்கினார். 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. அதற்கு முன்பெல்லாம் வண்டியின் முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். பழைய லாரிகளுக்குக் கைப்பிடி போட்டுச் சுழற்றியதை நம் வீட்டுப் பெரியவர்கள் கண்டிருப்பார்கள். திருநின்றவூர் வழியே செல்லும் சி.டி.எச். சாலையின் தொடக்கத்திலுள்ள பாடியில், 1961இல் நிறுவப்பெற்ற லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் இத்தகைய ஸ்டார்ட்டர் மோட்டார்களைத் தயாரித்துவருகிறது. அதன் வாயிலைப் பேருந்தில் கடந்து செல்லும் நம்மில் பலர், உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கேட்டதில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், எஞ்சினின் உள்ளிருக்கும் கிராங்க் என்னும் அமைப்பின் வரலாற்றில் நம் முன்னோர் ஒருவரும் இருக்கிறார். தியார்பகிர் நகரில் அர்துக்கிய மன்னர்களின் அவையில் பணியாற்றிய அல்ஜஸரி, 1206இல் எழுதி முடித்த தமது நூலில் இரட்டை உருளை நீரேற்றி ஒன்றை வரைபடத்துடன் விளக்கியுள்ளார். சுழலும் இயக்கத்தை முன்னும் பின்னுமான இயக்கமாக மாற்றும் வழி அதில் உண்டு. கருவிகளின் நுட்பத்தை அறிவது உலக வேலை, மார்க்க அறிஞருக்கு அது எதற்கு என்று ஒதுக்கிவைக்கும் மனப்போக்கு நம்மிடையே பிற்காலத்தில் வந்து புகுந்ததே.

புயல் கற்றுத்தந்த பாடம்

நாமும் அவ்வாறு ஒதுக்கியிருந்தவர்தாம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றுப்புறங்களையும் நீரில் ஆழ்த்தியபோதுதான் கண் திறந்தது. நம் தெருவில் நீர் ஏறி, காரின் டயர் பாதிவரை நின்றது. வடிந்த மறுநாள் சாவியைத் திருப்பப் போன நம் கையை, பக்கத்து வீட்டுச் சகோதரர் பிடித்து நிறுத்தினார். எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால் அதனைக் காற்றைப் போல் அமுக்க இயலாது. பிஸ்டன் நீரில் மோதி உள்ளிருக்கும் கம்பி வளைந்துவிடும். ஆகவே முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். ஸ்டார்ட் செய்யவே கூடாது. நம் வண்டியில் ஆயில் தெளிவாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் சில நாட்களில் வேறொரு குறை தலைகாட்டியது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஓசை, பிறகு அமைதி. ஸ்டார்ட்டர் மோட்டார் தாழ்வான இடத்தில் இருப்பதால் நீர் பட்டு உள்ளே துருப்பிடித்திருந்தது. அதனைக் கழற்றிச் சரிசெய்த மெக்கானிக், நம் ஊரில் நாற்பது ஆண்டுகளாகத் தொழில் செய்யும் பெரியவர். அன்று அவருடைய கடைத் திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டவற்றை இங்கே பகிர்கிறோம்.

‘டிக் டிக் டிக்’ என்று விரைவாகத் தொடர்ந்து ஒலித்தால் பேட்டரி பலவீனமாகிவிட்டது. அல்லது அதன் முனைகளில் வெண்பச்சை நிறப் பொடி படிந்து இணைப்பு தளர்ந்துள்ளது. முழுமையாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யும் வேளையில் 9.6க்குக் கீழே இறங்கினால் அதனை நம்பி நெடுந்தூரம் செல்லலாகாது.

‘டக்’ என்று ஒரு முறை ஒலித்து நின்றால், முன்விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விளக்கு மங்கினால் பேட்டரியில் குறை. பிரகாசமாகவே எரிந்தால் சொலினாய்டிலோ மோட்டாரிலோ குறை. ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுழன்று எஞ்சின் அசையாவிட்டால், சிறு சக்கரம் பல்வளையத்தைப் பற்றவில்லை. ‘கறகற’ என்று பல்லைக் கடிப்பது போல் ஒலித்தால் பற்கள் தேய்ந்திருக்கின்றன. திரும்பத் திரும்ப முயன்றால் ஃப்ளைவீலின் வளையமே பாழாகும்.

எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு ‘கீச்’ என்று கத்தினால் அது பெல்ட். மழைக்காலக் காலையில் ஈரத்தினால் சிறிது நேரம் கத்தி அடங்குவது இயல்பு. நாள்தோறும் கத்தினால் தளர்ந்தோ தேய்ந்தோ போயிருக்கிறது. ‘சட சட’ என ஒலித்து, வண்டி சூடேறச் சூடேறக் குறைந்தால், பெரும்பாலும் புகைக்குழாயின் இணைப்பில் கசிவு; வெப்பத்தில் உலோகம் விரிந்து அந்த இடைவெளி அடைபடுவதால் ஓசை மறைகிறது. ‘டொக் டொக்’ என்று அடிவயிற்றிலிருந்து வருவது போல் கனமாக ஒலித்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது கூடினால், உடனே அணைத்துவிட வேண்டும். அது எஞ்சினின் பேரிங்காக இருக்கலாம். அந்நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போவதும் கேடு.

இவற்றையெல்லாம் கேட்டு அறிந்திருந்தும், இரண்டாவது ஓசை வந்தபோது நாம் என்ன செய்தோம் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

அறியாதிருக்க விரும்பினோம்

கடந்த மார்கழியில் அதிகாலைகளில் ஸ்டார்ட் செய்ததும் ‘கரகர’ என்று சங்கிலி உரசுவது போன்ற ஓசை எழலாயிற்று. மூன்று விநாடிதான். பகலில் எத்தனை முறை ஸ்டார்ட் செய்தாலும் வராது. ஒரு பணிமனைக்குத் தொலைபேசியில் சொன்னோம். ஓசையைக் கேட்காமலேயே, எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும், 40,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய நேரம் அது. எனவே வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம்.

முறைப்படி நாம் அந்தப் பெரியவரிடம் வண்டியைக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்பதைப் பின்னர் பலமுறை நம்மிடமே கேட்டுப் பார்த்துவிட்டோம். குறை இன்னதென்று தெரிந்துவிட்டால், வாங்குபவரிடம் அதைச் சொல்ல வேண்டிய கடமை நம்மீது வந்துவிடும். தெரியாமலே இருந்துவிட்டால், ஏதோ ஓர் ஓசை, எல்லாப் பழைய வண்டிக்கும் உள்ளதுதான் என்று கடந்துவிடலாம். அறிவைத் தேடுவது கடமை என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், அறியாமையைத் தேடிச் சென்று அதற்குள் ஒளிந்துகொண்டோம்.

தரகர் ஒருவர் நமக்கு யோசனை கூறினார். “ஆள் வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து நிறுத்திடுங்க ஹஜ்ரத். எஞ்சின் சூடா இருந்தா சத்தமே வராது. பேப்பர்ல உள்ளது உள்ளபடின்னு ஒரு வார்த்தை போட்டுக்கலாம்.”

வாங்க வந்தவர் நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர். இரு சக்கர வண்டியில் துணி மூட்டைகளைக் கட்டிக்கொண்டு வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, திருவள்ளூர் என்று தெருத்தெருவாக வியாபாரம் செய்பவர். விடிவதற்கு முன்பே புறப்பட வேண்டிய தொழில். வட்டிக்கு அஞ்சி, மனைவியின் நகையை அடகு வைக்காமல் விற்றே பணத்தைத் திரட்டியிருந்தார். அவர் காலை பத்தரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நாம் ஒன்பதே முக்காலுக்குக் காரை எடுத்து, நெமிலிச்சேரிவரை சென்று திரும்பினோம். வெறுங்கையோடு திரும்புவது நமக்கே உறுத்தவே, வழியில் இரண்டு பாக்கெட் பால் வாங்கிக்கொண்டோம்.

நம் துணைவியார் பாலை வாங்கிக்கொண்டே, “பாலுக்கா காரு? கடை தெருமுனையிலதானே இருக்கு?” என்றார். நாம் பதில் கூறவில்லை.

இளைஞர் வந்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் இதமாக ஓடியது. “மாஷா அல்லாஹ்!” என்றார். மெக்கானிக் யாரையும் அழைத்து வரவில்லையா என்று கேட்டோம். அதைக் கேட்கும்போது நம் குரல் எப்படியிருந்ததோ தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, “ஹஜ்ரத்கிட்ட வாங்குறதுக்கு மெக்கானிக் எதுக்கு?” என்றார். 1,40,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துச் சென்றார்.

மாணவனின் கேள்வி

இரண்டு நாட்களுக்குப் பின், மஃரிபு தொழுகைக்குப் பிறகு பெரிய மாணவர்களுக்கு வழக்கமான ஹதீஸ் பாடம். இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் தொகுத்த புலூகுல் மராம் நூலின் வியாபாரப் பகுதியில், முஸர்ராத் பற்றிய ஹதீஸில் வந்து நின்றிருந்தோம்.

அறியாத சகோதரர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுகிறோம். ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்க நினைப்பவர், சில நாட்கள் பால் கறக்காமல் விட்டுவைப்பார். மடி கனத்துப் பெருத்திருக்கும். காண்பவர் நிறையப் பால் தரும் பிராணி என்று எண்ணி அதிக விலை கொடுப்பார். இச்செயலுக்குத் தஸ்ரியா என்று பெயர். அவ்வாறு மடி கட்டப்பட்ட பிராணியே முஸர்ராத். இதனை நபி (ஸல்) அவர்கள் தடைசெய்தார்கள். வாங்கியவர் கறந்து பார்த்து உண்மையை அறிந்தபின், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தந்துவிடலாம் என்றும் அறிவித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. மூன்று நாள் அவகாசம் என்பது முஸ்லிமின் அறிவிப்பொன்றில் உள்ளது.

இதில் மத்ஹபுகளுக்கிடையே சட்ட வேறுபாடு உண்டு. இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களும் பெரும்பாலோரும் திருப்பித் தரும் உரிமையை ஏற்கின்றனர். ஹனஃபீ மத்ஹபில் இக்காரணத்திற்காகப் பிராணியைத் திருப்பித் தர இயலாது. ஆனால் அச்செயல் ஏமாற்று என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. இவையனைத்தையும் நாம் அன்று சரளமாக விளக்கினோம். ஒவ்வோர் ஆண்டும் விளக்குவதுதானே!

அப்போது பதினான்கு வயது மாணவன் ஒருவன் கையைத் தூக்கினான். அவனுடைய தந்தை பழைய கைபேசிகளை வாங்கி விற்பவர். “ஹஜ்ரத், இது ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் மட்டும்தானா? சார்ஜ் நிக்காத போனை, ஆள் வர்ற நேரத்துக்கு ஃபுல் சார்ஜ் போட்டு வச்சி வித்தா, அதுவும் இதேதானா?”

“ஆம், அதுவும் இதுவேதான்” என்றோம். காரணம் ஒன்றாக இருந்தால் சட்டமும் ஒன்றே என்னும் கியாஸின் விதியை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தோம். சொல் வரவில்லை. நெமிலிச்சேரிவரை ஓட்டிவந்த கார் கண்முன் நின்றது. மடி கட்டி விற்கச் செல்லும் வழியில் பால் வேறு வாங்கிவந்தோமே! பாடத்தை அத்துடன் முடித்துவிட்டுப் பிள்ளைகளை அனுப்பிவைத்தோம்.

அன்றிரவு உணவு இறங்கவில்லை. இன்னொரு ஹதீஸும் வந்து நெஞ்சில் நின்றது. கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று வினவியபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். நம் காரும் மழையில் நனைந்ததுதான். டயர் பாதிவரை நீரில் நின்ற கதையையும் நாம் அந்த இளைஞரிடம் கூறியிருக்கவில்லை. மழை அல்லாஹ்வின் நாட்டப்படி வந்தது. அந்த வணிகரின் மீதோ நம் மீதோ அதில் குற்றமில்லை. நனைந்ததைக் கீழே தள்ளி உலர்ந்ததை மேலே பரப்பியதே குற்றம்.

ஆறிய எஞ்சின்

இஷாவுக்குப் பின் இளைஞருக்குத் தொலைபேசி செய்தோம். வெள்ளத்தில் நின்றது, ஸ்டார்ட்டரைச் சரிசெய்தது, காலை நேர ஓசை, அவர் வருமுன் வண்டியை ஓட்டிச் சூடேற்றி வைத்தது ஆகிய நான்கையும் வரிசையாகச் சொன்னோம். நான்காவதைச் சொல்லும்போது நாக்கு உலர்ந்தது. மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. முன்பணத்தைக் காலையில் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்றோம்.

“பணம் இருக்கட்டும் ஹஜ்ரத். ஃபஜ்ருக்கு அப்புறம் வர்றேன். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க” என்றார். அந்தக் கடைசிச் சொற்கள் நமக்குத் தேவையானவைதாம்.

ஃபஜ்ரு தொழுதுவிட்டு வந்தபோது, அதே முதிய மெக்கானிக்கை இளைஞர் அழைத்து வந்திருந்தார். பெரியவர் முதலில் பானெட்டின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “வண்டி பார்க்கப் போனா முதல்ல இதைத் தொட்டுப் பார்க்கணும் தம்பி. சூடா இருந்தா, நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டுத் திரும்பிடணும்” என்று இளைஞரிடம் கூறினார். நாம் தலைகுனிந்திருந்தோம். நடந்தது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதை இன்றுவரை நாம் கேட்கவில்லை.

பிறகு நம்மிடம் வினாக்களைத் தொடுத்தார். இரவு முழுவதும் நின்ற பிறகு மட்டுமா வருகிறது? எத்தனை விநாடி? அடங்கியபின் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மறுபடியும் வருகிறதா? ஆயில் விளக்கு எப்போது அணைகிறது? நோயாளியிடம் மருத்துவர் கேட்பது போலிருந்தது. அதன் பின்னரே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ‘கரகர’ என்றது. டாஷ்போர்டில் ஆயில் விளக்கு வழக்கத்தை விடத் தாமதமாக அணைந்தது. அது அணைந்ததும் ஓசையும் நின்றது. நீண்ட ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையை எஞ்சினின் பக்கவாட்டு மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக்கொண்டு சிறிது நேரம் கேட்டார்.

“கடைசியா ஆயில் மாத்தினப்ப என்ன ஃபில்ட்டர் போட்டீங்க பாய்?”

இருப்பதிலேயே விலை குறைந்ததைப் போடச் சொன்னது நாமேதான். பெரியவர் விளக்கினார். எஞ்சினை நிறுத்திய பிறகு ஃபில்ட்டரில் உள்ள ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்க, அதனுள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். அது தரமற்றதாக இருந்தாலோ கெட்டித்துப் போனாலோ, இரவெல்லாம் ஆயில் கீழே இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலேறி அழுத்தம் பெறும்வரை, அந்த அழுத்தத்தால் இறுக்கம் பெறும் டைமிங் செயின் தளர்ந்து நின்று உரசுகிறது. பகலில் ஆயில் முழுதும் வடிவதற்குள் மறுபடி ஸ்டார்ட் செய்துவிடுவதால் ஓசை வருவதில்லை.

உரிய ஃபில்ட்டரும் புதிய ஆயிலும் போடப்பட்டன. செலவு 2,400 ரூபாய், நாம் கொடுத்தோம். மறுநாள் காலை மூவரும் மீண்டும் கூடினோம். மூன்று விநாடி ஓசை ஒரு விநாடிக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தது, முற்றிலும் நீங்கிவிடவில்லை. இத்தனை நாள் ஆயிலின்றி உரசியதில் செயினும் அதனை இறுக்கும் டென்ஷனரும் ஓரளவு தேய்ந்திருக்கின்றன, உடனே ஆபத்தில்லை, ஆனால் ஓராண்டுக்குள் மாற்றிவிடுவது நல்லது என்றார் பெரியவர். எஞ்சினைப் பிரிக்க வேண்டும், 40,000 ஆகும் என்று நாம் அஞ்சியது ஒருபுறம். ஒன்றுமில்லை என்று நடித்தது மறுபுறம். உண்மை இரண்டுக்கும் நடுவே இருந்தது. ஒரு நாள் காலை பெரியவரை அழைத்திருந்தால் அது நமக்கு முன்பே தெரிந்திருக்கும்.

விலையில் 15,000 ரூபாயைக் குறைத்துக்கொண்டோம். வண்டி 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்றது என்பதையும், செயின் மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் விற்பனைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டோம். அதை எழுதச் சொல்லிக் கேட்டவர் இளைஞர்தாம். முதல் நாள் மெக்கானிக்கே வேண்டாம் என்றவர், இப்போது எழுத்தில் கேட்டார். நம்மால் அவர் கற்றுக்கொண்ட பாடம் அது. பள்ளிவாசலில் அவர் நமக்குச் சலாம் கூறும்போது பழைய மலர்ச்சி முகத்தில் திரும்பி வரச் சில வாரங்கள் ஆயின. மகளின் கட்டணத்திற்குக் குறைந்த தொகையைத் தவணையாகக் கட்டினோம்.

சட்டமும் உள்ளமும்

குறையினால் பொருளைத் திருப்பித் தரும் உரிமைக்குக் கியாருல் ஐப் என்று ஃபிக்ஹு நூல்களில் பெயர். விற்பனைக்கு முன்பே குறை இருந்தது என்பது உறுதியானால், விற்றவருக்கு அது தெரியாமல் இருந்தாலும் அவ்வுரிமை வாங்கியவருக்கு உண்டு. எனவே அறியாமைக்குள் ஒளிந்துகொண்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்று நாம் எண்ணியது சட்டப்படியும் தவறு. உள்ளது உள்ளபடி என்ற நிபந்தனையைப் பற்றி இமாம்களிடையே விரிவான கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் தெரிந்த குறையை வேண்டுமென்றே மூடிமறைக்க அது எவரிடத்திலும் அனுமதிச் சீட்டு ஆகாது. குறையை எடுத்துக் கூறாமல் தம் சகோதரருக்கு விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்ற கருத்தில் உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு இப்னு மாஜாவில் உள்ளது.

நாட்டின் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், வாங்குபவரே விழிப்பாக இருக்கட்டும் என்ற அடிப்படையைச் சில விலக்குகளுடன் ஏற்கிறது. மார்க்கமோ விழிப்பாக இருக்கும் கடமையின் பெரும்பகுதியை, பொருளை நன்கு அறிந்தவரான விற்பவரின் தோளில் வைக்கிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகராக இருந்தார்கள். குறையுள்ள துணியொன்றை, அக்குறையைச் சொல்ல மறந்து கூட்டாளி விற்றுவிட்டபோது, அந்தச் சரக்கின் விலை முழுவதையும் அவர்கள் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அங்கே நேர்ந்தது மறதி. நாம் செய்தது திட்டம்.

மறுநாள் பாடத்தில் மாணவர்களிடம் நடந்ததைக் கூறினோம். ஆசிரியர் தம் தவற்றைப் பிள்ளைகளிடம் கூறினால் மதிப்புக் குறையும் என்று சிலர் கருதலாம். கேள்வி கேட்ட மாணவன் மட்டும், “அப்ப நான் அத்தாகிட்ட சொல்றேன் ஹஜ்ரத்” என்றான். என்ன சொல்லப் போகிறான் என்று நாம் கேட்கவில்லை.

வண்டி விற்கும் சகோதரர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். வாங்குபவரை அதிகாலையில் வரச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது அவர் கையாலேயே ஸ்டார்ட் செய்யட்டும். வெள்ளத்தில் நின்றது, விபத்தில் அடிபட்டது, மாற்றப்பட்ட உறுப்புகள் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அவ்வோசை என்ன என்று உங்களுக்கே தெரியாவிட்டால், விற்பதற்கு முன் அறிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கும் சகோதரர்கள், விற்பவர் யாராயினும், அவர் பள்ளிவாசலின் இமாமே ஆயினும், பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். அது சந்தேகம் கொள்வதாகாது; அவர் வழுக்கி விழாமல் கைகொடுப்பதாகும்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் அருளப்படும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற கருத்திலமைந்த நபிமொழியை ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இப்போதெல்லாம் ஃபஜ்ருக்குப் போகும் வழியில் சில நாட்கள் அந்தக் காரைக் காண்கிறோம். துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அவ்விளைஞர் சாவியைத் திருப்புவார். நாம் நின்று ஒரு விநாடி செவிகொடுக்கிறோம்.

அல்லாஹ் நம் உள்ளங்களில் நாம் சூடேற்றி மறைத்துவைக்கும் குறைகளை நமக்கே வெளிப்படுத்தித் தருவானாக. கொடுக்கல் வாங்கலில் நம்மை உண்மையாளர்களாக ஆக்குவானாக. ஆமீன்.